சின்ன துரையின் சொற்பட்டியல்

கொஸ்லந்தைப் பக்கத்து மலைகளில் சொற்களைத் தரம் பிரித்து மனப்பாடம் பண்ணிய முதல் மாணவன், என் கணக்கில், கப்பலேறி வந்த வெள்ளைக்காரச் சின்ன துரைதான். நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எட்டுவதற்கு முன்பே அவனுக்குத் தமிழ்ப் பாடம் தொடங்கிவிட்டது. தொழில் பழக வரும் இளம் துரையை அவர்களுக்குள் 'கிரீப்பர்' என்று சொல்லிக்கொள்வார்கள். பெரிய துரையின் பங்களாவில் தங்கி, விடியற்காலம் எழுந்து, மலை மலையாக நடந்து அவன் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: தேயிலை, கணக்கு, தமிழ். முதல் இரண்டையும் பெரிய துரை சொல்லிக்கொடுத்துவிடுவார். மூன்றாவதுக்குப் புத்தகம் தேவைப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் கதையே இருக்கிறது. ஊவாவில் கோப்பிக் காலத்திலேயே வேலைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் தென்னிந்தியாவிலிருந்து, ஆள் திரட்டும் கங்காணியின் பின்னால் வந்தவர்கள். துரைக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவன் வாயும் காதும் தலைக்கங்காணிதான். யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது, யார் முன்பணம் வாங்கினது, யார் கடனில் நிற்கிறது எல்லாமே கங்காணி சொன்னபடிதான். ஆள் தலைக்குத் தலைக்காசு, வேலைக்கு வந்த நாளுக்குப் பென்ஸ் காசு என்று கங்காணிக்கு அதில் வரும்படியும் உண்டு. சொந்தக் காசைத் தோட்டத்தில் போட்டவனுக்கு இது பொறுக்குமா? துரை தமிழ் படித்தது தமிழ் மேல் ஆசைப்பட்டு இல்லை. கங்காணியைத் தாண்டி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தோடு நேரே பேச வேண்டியிருந்ததால்.

அகராதி அப்போதே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் பாதிரியார் தொடங்கி, பலர் கைமாறி, அமெரிக்க மிஷனரி மிரன் வின்ஸ்லோ முடித்து 1862இல் சென்னையில் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதியில் 67,000க்கு மேல் சொற்கள். பெரிய வேலை, பண்டிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை. ஆனால் அதை ஆட்டுக்கல் மாதிரி தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. ஏறினாலும், அதில் இருக்கிற செய்யுள் சொற்களை வைத்துக்கொண்டு கொழுந்து மலையில் என்ன பேசுவது?

அதனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலில் சட்டைப்பையில் வைக்கிற மாதிரி ஒரு கையேடு வந்தது. எழுதியவர் இளைய ஏ.எம். ஃபெர்குசன், கொழும்பில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை நடத்திய குடும்பம். புத்தகத்தின் பெயர் 'இங்கே வா'. கூடவே, சின்ன துரையின் சட்டைப்பைத் தமிழ்க் கையேடு என்று ஒரு விளக்கம். திரும்பத் திரும்ப அச்சானது. பிறகு 1915இல் டபிள்யு.ஜி.பி. வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்று இன்னொன்று போட்டார். தேயிலை, றப்பர் தோட்டத் தொழிலாளர் புரிந்துகொள்ளும் தமிழ், துரைமாருக்கும் தொழில் பழகுகிறவர்களுக்கும் என்றே ஒழுங்குபடுத்தியது என்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறார். இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ஒன்று கட்டளை, மற்றது நம்மை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதற்குச் சாட்சி.

தொழில்நுட்பமாகப் பார்த்தால், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், அது கெட்டிக்காரத்தனமான வேலை. ஒரு மொழியிலிருந்து குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு, குறிப்பிட்ட ஒரு வேலைக்கு எது முதலில் வேண்டும், எது பிறகு போதும் என்று எடுத்துக் கட்டியது. இன்றைக்குப் போனில் சொற்களை லெவல் லெவலாகப் பிரித்துப் படிக்கிறோமே, அதே யோசனை. பிரிக்கிறவன் யார், யாருக்காகப் பிரிக்கிறான் என்பதுதான் மாறுகிறது.

ஆள் பிரித்துவிடும் காலைப் பெரட்டை எடுத்துக்கொள்வோம். இருட்டு பிரியும் முன் தப்புச் சத்தம். பெரட்டுக் களத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கம்பளியைத் தலையில் போட்டு, கூடையை முதுகில் தள்ளி, இடுப்பில் படங்கு சுற்றி நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிடுவார். சின்ன துரை பிரம்போடு நின்று, எந்த மலைக்கு எத்தனை ஆள், செடி வெட்டும் கவ்வாத்துக்கு யார், முள்ளுக் குத்த யார், உரத்துக்கு யார், நாற்று மேடையான தவறணைக்கு யார் என்று பிரித்துவிட வேண்டும். இந்தக் கால் மணி நேரத்துக்கு அவனுக்கு வேண்டியது எண்கள், வேலைப் பெயர்கள், மலைப் பெயர்கள், ஒரு பிடி ஏவல் வினைகள். வா, போ, எடு, வெட்டு, நிறுத்து, சீக்கிரம். அவ்வளவுதான் முதல் தரம். இரண்டாம் தரம் பகலில் மலையில் வரும்: இரண்டு இலையும் ஒரு அரும்பும் எடுக்கிறாளா, பங்கியை விட்டுவிடுகிறாளா, மட்டக்கம்பு வைத்து எடுக்கிறாளா. மூன்றாம் தரம் நிறுவையில்: எத்தனை றாத்தல், முழு நாள் சம்பளமான முழுப் பேரா, அரைப் பேரா.

என் அப்பாயி துரைத் தமிழ் பேசிக் காட்டுவாள். மூக்கால் பேசி, ழகரத்தையும் றகரத்தையும் மென்று, "ஏய் பொம்பளே, கொலுந்து நல்லா எடு, முத்தல் வேணாம்" என்று இழுப்பாள். எழுபது வயதுக் கிழவனையும் இருபத்திரண்டு வயதுத் துரை 'டா' போட்டுத்தான் பேசுவானாம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழில் 'ங்க' என்று ஒன்று இருந்தாலும் அதை யாரிடம் பயன்படுத்துவது? பெரட்டுக் களத்தில் அதற்கு ஆள் இல்லை. அப்பாயி சொன்ன இன்னொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: துரை தமிழ் படித்தது ஒரு பக்கம் என்றால், துரையின் தமிழைப் படித்தது லயம். அவன் உளறலில் எது மலைப் பெயர், எது ஆள் பெயர், எது வசவு என்று பிடித்துக்கொள்ள ஒவ்வொரு புதுத் துரைக்கும் அவர்களுக்கு ஒரு மாதம் ஆகுமாம். அந்தப் படிப்புக்கு யாரும் கையேடு போடவில்லை.

துரைமார் மட்டுமில்லை, சிவில் சேவைக்கு வந்த ஆங்கில அதிகாரிகளும் சிங்களமோ தமிழோ படித்துப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பிற்பாடு பெரிய எழுத்தாளரான லெனார்ட் வுல்ஃப் 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் தமிழோடு மல்லுக்கட்டினார். ஆனால் அவர்களுக்கு வழக்கு விசாரிக்க வேண்டும், மனு வாசிக்க வேண்டும்; எதிரில் நிற்பவன் பேசுவதை உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். தோட்டத்துப் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை.

பட்டியலை விட்டு வெளியே போன துரை ஒருவனையும் சொல்லிவிட வேண்டும். மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டல், அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தவன். தொழிலாளர் பக்கம் பேசினான் என்று வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைப் பற்றி மேடையேறிப் பேச, ஆளுநர் நாடுகடத்த உத்தரவு போட்டார். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. துரைமார் சங்கம் அவன் மேல் கொண்ட கோபத்தில் பாதி, அவன் கூலியாட்களோடு பழகிவிட்டான் என்பதுதான்.

நம்மிடம் சொற்களைத் தரம் பிரிக்கும் பழக்கமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை என்று ஏறி, அதன் பிறகுதான் நிகண்டு. நிகண்டிலும் தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கு, மரம், இடம் என்று பிரிவுகள். ஆறுமுக நாவலர் பாலபாடத்தை முதலாம் பாலபாடம், இரண்டாம் பாலபாடம் என்று படியாகவே போட்டார். ஆனால் இவை ஒரு பிள்ளையைப் படித்தவனாக்கப் போட்ட படிகள். வேலைக்குத் தேவையான சொல் இத்தனை, அதற்கு மேல் வேண்டாம் என்று எண்ணி நிறுத்துகிற கணக்கு வேறு.

அந்தக் கணக்கை ஒரு கலையாக்கியவர்களில் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். டாக்காவில் ஆசிரியர் கலாசாலை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு பக்கம் வாசிக்க முடியாமல் நிற்பதைப் பார்த்து, அடிக்கடி வரும் சொற்களை எண்ணி எடுத்து, அவற்றை மட்டும் வைத்துப் படிப்படியாக வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1935இல் அவர் போட்ட அகராதி 24,000 உருப்படிகளை வெறும் 1,490 சொற்களைக் கொண்டு விளக்கியது. 1953இல் அவர் பெயரோடு வந்த 2,000 சொல் பட்டியல்தான் இன்றைக்கு உலகம் முழுவதும் ஆங்கிலம் படிப்பிக்கும் வரிசைகளுக்குத் தாத்தா. அமெரிக்காவில் தோர்ன்டைக் 1921இலேயே 10,000 சொற்களை எண்ணிவைத்திருந்தார். ஆக்டன் 1930இல் 850 சொல்லில் ஆங்கிலத்தையே அடக்கப் பார்த்தார். எண்ணுகிற பைத்தியம் பிடித்த காலம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் காற்றெல்லாம் நேரத்துக்கு அடிக்கவில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் துரையின் பொறுப்பில் விட்டது. யாருடைய பொறுப்பில் விட்டது என்று கவனியுங்கள். ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்பு. அரசாங்கம் இந்தப் பள்ளிக்கூடங்களை முறையாக எடுக்கத் தொடங்கியது 1977க்குப் பிறகு. அதற்குள் 1948இல் நம்மவர் குடியுரிமை போய், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து, எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு மாறிவிட்டன. வெள்ளைத் துரை போனான். அவன் தமிழ் போகவில்லை. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்த புதுத் துரைமாரும் அதே ஏவல் தமிழைத்தான் சுவீகரித்துக்கொண்டார்கள். வாங்க என்று சொன்ன ஒரு துரையை நான் பார்த்ததே தொண்ணூறுகளில்.

மறுபக்கம், நாம் படிக்க வேண்டியதாகப் போன மொழி சிங்களம். சட்டப்படி 1987க்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த வருஷம் ஜூலை 1க்குப் பிறகு சேரும் அரச ஊழியர் ஐந்து வருஷத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொன்னது. அதற்கும் தரம் உண்டு, பதவிக்கேற்ற தரம். பியூனுக்கு ஓர் அளவு, பெரிய அதிகாரிக்கு ஓர் அளவு. நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஓர் அலுவலகத்தில் நான் நீட்டிய தமிழ்க் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்தவன் நான்.

சொற்களைத் தரம் பிரித்துப் படிக்கிற வேலை இப்போது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது, சீன மொழி வழியாக. என் அண்ணன் மகள் எல்லவில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வருகிற சீனப் பயணிகள் அவள் முன்னால் போனை நீட்டுகிறார்கள். அது ஒரு மாதிரி மொழிபெயர்க்கிறது. அவளுக்கு அது போதவில்லை. கொஸ்லந்தையிலிருந்து கீழே இறங்கினால் வெல்லவாய, அங்கிருந்து தெற்கே தனமல்வில தாண்டி ஹம்பாந்தோட்டை. 2017இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பனி எடுத்த துறைமுகம் அங்கே. அந்த வேலைகளுக்கும் மொழி தெரிந்தவள் போகலாம் என்பது அவள் கணக்கு. களனிப் பல்கலைக்கழகத்தில் கன்பூசியஸ் நிலையம் 2007 முதல் இருக்கிறது என்றாலும் மலையிலிருந்து தினம் போய்வருகிற தூரமா அது? அதனால் போன்.

சீன அரசு நடத்துகிற மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்கு எச்.எஸ்.கே. என்று பெயர். 2010 முதல் ஆறு தரம்: முதல் தரத்துக்கு 150 சொல், ஆறாவதற்கு 5,000. 2021இல் தரத்தை ஒன்பதாக்கி, மொத்தம் 11,092 சொல் என்று புதுக் கணக்குப் போட்டார்கள்; முதல் தரத்துக்கே அப்போது 500 வைத்தார்கள். பழைய 150ஐ அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்றி இருக்கிறது, மன்னிக்கணும் இருக்கிறது, பரவாயில்லை இருக்கிறது, தயவுசெய்து இருக்கிறது, வேலை இருக்கிறது, தேநீர் இருக்கிறது. ஒரு நாட்டுக்காரன் வெளியாளுக்கு முதலில் கற்றுத் தருகிற சொற்கள் இவை. ஃபெர்குசன் தலைப்பிலேயே வைத்த இரண்டு சொற்களோடு இதை ஒப்பிட்டால், முதல் தரத்தில் எதை வைக்கிறோம் என்பதே ஓர் உறவு முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் பயன்படுத்துவது பிளெக்கோ. மைக்கேல் லவ் என்ற அமெரிக்கர் 2000இல் தொடங்கியது; முதலில் பாம் என்ற கையடக்கக் கருவிக்கு வந்து, பிறகு போனுக்கு மாறியது. அகராதி இலவசம், மனப்பாட அட்டைகளுக்குக் காசு. அதில் தமிழ் கிடையாது. சீனச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் பார்த்து, அதைத் தமிழில் யோசிக்க வேண்டும். இவள் அப்படிச் சும்மா இருக்கவில்லை. கணினியில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்தாள். ஒரு வரியில் சீன எழுத்து, டேப் பொத்தான், ரோமன் உச்சரிப்பு, மறுபடி டேப், கடைசியில் தமிழ்ப் பொருள். புதுத் தொகுதி தொடங்கும் இடத்தில் இரண்டு சாய்கோடு போட்டு அதன் பெயர். யுனிகோடாகச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக விழும். கோப்பை உள்ளே இழுத்தால் அவளுடைய சொந்த அகராதி ரெடி. பிறகு அமைப்புகளில் போய் அதை மற்ற அகராதிகளுக்கு மேலே ஏற்றிவைத்தாள். இப்போது எந்தச் சொல்லைத் தட்டினாலும் முதலில் வருவது அவள் எழுதிய தமிழ்.

தரத்தையும் அவள் அப்படியே விட்டுவைக்கவில்லை. ஒன்று, இரண்டு என்ற தொகுதிகளுக்குப் பக்கத்தில் 'மேசை', 'அறை', 'பஸ்', 'சாப்பாடு' என்று தன் வேலைக்குத் தனித் தொகுதிகள். சாவி, சுடுதண்ணீர், துவாய், அட்டை கடிச்சிட்டுது. பரீட்சைக்காரன் நாலாம் தரத்தில் வைத்ததை இவள் முதல் நாளுக்கு இழுத்துக்கொண்டாள். அதற்குக் கீழே 'வீடு' என்று ஒன்று. அதைத் திறந்துபார்த்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை நான்.

"சித்தப்பா, லெவல் ஒன்னுல டீ இருக்கு. கொழுந்து இல்லீங்க."

"கொழுந்து எதுக்கும்மா அவனுக்கு? குடிக்க வர்றவனுக்குத்தானே லிஸ்ட் போட்டிருக்கான்."

"சீனாவுலயும் கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க இருக்காங்கதானே. அவங்கள்ல ஒருத்தி வந்தா என்னான்னு பேசுவேன்?"

'வீடு' தொகுதியில் கொழுந்து எடுத்தல், கவ்வாத்து, உரம், கூடை எல்லாம் இருந்தன. மண்சரிவும் இருந்தது: சீனத்தில் ஹுவா போ. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்தவள். எந்த நாட்டுப் பரீட்சைக்காரனும் தொடக்கக்காரருக்கு அந்தச் சொல்லைத் தர மாட்டான். கொஸ்லந்தைக்காரிக்கு அது ஆரம்பச் சொல்.

கவ்வாத்துக்குத் தமிழில் என்ன பொருள் எழுதுவது என்று அவள் திணறியபோதுதான் வேறொரு சங்கடம் தெரிந்தது. பங்கி, நிரை, மட்டக்கம்பு, கொந்தரப்பு, பீலிக்கரை, காம்பரா, இஸ்தோப்பு என்று அவளே அரைகுறையாகத்தான் அறிவாள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008 பதிப்பில் இலங்கைத் தமிழ்ச் சொற்களையும் சேர்த்துக்கொண்டது, நல்ல காரியம். ஆனால் ஒரு மலையின் வேலைச் சொற்கள் முழுக்க ஒரு பொது அகராதிக்குள் வராது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டார் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். பாட்டுக்கு அவர் செய்ததைச் சொல்லுக்கும் செய்யலாம். நூறு வருஷத்துக்கு முன் துரைமாருக்காக யாரோ செய்துகொடுத்த வேலை இது. நமக்காக நாம் செய்ய என்ன தடை?

செலவு ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், கொழுந்துக் கூடை சுமந்தவர், ஸ்டோரில் வாட்டுத் தட்டு காத்தவர் யாராவது உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். காலைப் பெரட்டிலிருந்து மாலை நிறுவை வரை ஒரு நாளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். கருவிக்கு ஒரு பக்கம், வேலைக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம் என்று கொப்பியில் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்பதையும் குறியுங்கள், தோட்டத்துக்குத் தோட்டம் சொல் மாறும். குரலையும் போனில் பிடித்துவையுங்கள். ஒரு பிரதி பக்கத்துப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கோப்பாகத் தட்டிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.